வட்டச் சுவரில் ஏறிய கொடி

குண்டுநூல் என்றால்தான் அவரைத் தெரியும். சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் ஒரு நூலில் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பெயரை எவனோ வைத்தான், ஒட்டிக்கொண்டது. ஆளும் அப்படித்தான். நெட்டை. வளைய மாட்டார். வாயில் வருவதை நேராகக் கீழே போடுவார், யார் காலில் விழுந்தாலும் சரி. சுவருக்குத் தாள் ஒட்டுவது தொழில். படிப்பு, கையெழுத்துப் போடுகிற அளவுக்கு. நம்பிக்கை, கையிலிருக்கும், கிடைமட்டம் பார்க்கிற ரசமட்டத்தின் மேல் மட்டும். அதையும் காலையில் ஒருமுறை திருப்பி வைத்துச் சோதித்த பிறகுதான்.

அவரோடு சேர்ந்து ஒட்டுகிறவர் சம்பந்தி. சம்பந்தி ஆவதற்கு வெகு காலம் முன்பே கூட்டாளி. இவர் மகனுக்கு அவர் மகளைக் கட்டி வைத்த அன்றிலிருந்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டார்கள். அதுவரை "டேய்", "போடா" என்று திரிந்தவர்கள் வீட்டுக்குள் "வாங்க சம்பந்தி", "உக்காருங்க சம்பந்தி" என்று நாடகம் போட வேண்டியதாயிற்று. வேலைக்கு வந்து ஏணியில் கால் வைத்ததும் பழையபடி டேய்தான்.

அன்றைக்குக் காலையில் அந்த வட்டக்கூடத்தில் குண்டுநூல் சம்பந்தியைப் பார்த்து, ஏணியின் அடியில் நின்றுகொண்டு, சொன்னார்: "நீங்க இதோட நிறுத்திக்குங்க."

சம்பந்திக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. முதலில் சுருக்கென்று குத்தியது அந்த "நீங்க".

கூடம் ஒரு வாசகசாலை. முழு வட்டம். கூரையின் நடுவில் கண்ணாடி, அதன் வழியாக வெளிச்சம். இரண்டு வாசல்கள் உண்டு, ஆனால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும். அவற்றின் தலைக்கு மேல் சுவர் நிற்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. இந்தக் கூடத்துக்கென்றே அளவெடுத்துத் தாள் அச்சடித்திருந்தார்கள். வெளிர் மஞ்சளில் பச்சைக் கொடிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து ஏறும். ஒரு கொடிக்கும் அதற்கு மேலே உள்ள கொடிக்கும் ஒரு முழம் இடைவெளி. தாளின் அகலத்தைச் சுவரின் சுற்றளவுக்குச் சரியாகப் பொருத்தியிருந்தார்கள். எந்தத் தாளையும் அகலத்தில் வெட்ட வேண்டாம், கடைசித் தாள் முழுசாக உட்காரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தை பொய்யில்லை. கடைசித் தாள் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

கொடிதான் சேரவில்லை.

இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஆரம்பித்தவர்கள். பெரிய வாசலுக்கு மேலே குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, கோடு கிழித்து, முதல் தாளைச் சேர்ந்தே ஒட்டினார்கள். அதிலிருந்து இவர் வலப்பக்கம், சம்பந்தி இடப்பக்கம். கொடியைக் கொடியோடு சேர், மற்றதைப் பார்க்காதே. இதுதான் அவர்களுடைய தொழில் சட்டம். தாளை ஏற்ற வேண்டுமானால் ஏற்று, இறக்க வேண்டுமானால் இறக்கு, கூடுதலைக் கத்தியால் அறுத்துவிடு. எதிர்ப்பக்கம் வந்து சந்தித்தபோது இவர் கொடி ஒரு மட்டத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது, அவர் கொடி வேறு மட்டத்தில் வந்து வெறித்துக்கொண்டு நின்றது. கண்ணில்லாதவன்கூடக் கை வைத்துச் சொல்லிவிடுவான்.

சதுர அறையாக இருந்தால் கவலையே இல்லை. மூலை என்பது தாள் ஒட்டுகிறவனுக்குச் சட்டைப்பை மாதிரி. எது சேராமல் போனாலும் அதற்குள் போட்டுக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னாலுள்ள மூலையில் முடித்தால் வீட்டுக்காரன் பேரன் எடுத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். எத்தனை வீட்டில் அப்படிச் சேராமல் போயிருக்கிறது! "மூலை கோணல்டா" என்று சுவரின் தலையில் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். வட்டத்துக்கு மூலை ஏது? பழி போட ஆள் தேவைப்பட்டது. சம்பந்திக்குச் சமீபத்தில்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்.

குண்டுநூல் சும்மா சொல்லிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சம்பந்தியின் கைபேசியை வாங்கி அதன் விளக்கைப் போட்டுக்கொண்டு சம்பந்தி ஒட்டிய பக்கத்தை ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். நகத்தால் தடவினார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. தப்பு கிடைக்காததால் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று.

"கண்ணுக்குத் தெரியாம நூல் நூலா வழுக்கியிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல். சேர்ந்து இவ்வளவு ஆயிருக்கு."

"என் பக்கம் வழுக்குச்சுன்னா உன் பக்கம் வழுக்கலையா?"

"என் கண்ணை எவனும் அறுக்கலையே."

சம்பந்தி பசை வாளியின் விளிம்பில் பிரஷை வழித்தார், வழித்துக்கொண்டே இருந்தார்.

"நான் கெட்ட எண்ணத்துல சொல்லலை. நீங்க வீட்ல இருங்க. பேரன் பேத்தி வந்தா கொஞ்சிக்கிட்டு இருக்கலாம். இனி ஏணி உங்களுக்கு ஆகாது."

நூலகர் அம்மா மாலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் ஏதாவது வழி பண்ண வேண்டும். இப்போதைக்கு அந்த இணைப்பு தெரியாதபடி, தரையில் விரித்திருந்த பழைய துணியை எடுத்துச் சாரத்தின் மேல் கம்பியிலிருந்து தொங்கவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மருமகள் உள்ளே வந்தாள். மதியம் கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தை அப்பா மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்; அதைக் கொண்டுவந்தாள்.

மருமகளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் கணக்கு ஆராய்ச்சி. கல்யாணம் பேசும்போது "பொண்ணு என்ன படிக்குது" என்று யாரோ கேட்க, சம்பந்தி பெருமையாகப் "பகுதி வகைக்கெழுச் சமன்பாடு" என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னார். குண்டுநூல் அங்கேயே கேட்டார்: "பகுதிதானா? முழுசு எப்போ?" எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சம்மதித்தார் என்று அவர் மனைவி சொல்வாள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வந்த பிறகு கவனித்ததில் அவருக்குச் சந்தேகம் அதிகமானது. கணக்குப் போடுகிறவள் என்றால் எண் இருக்க வேண்டாமா? இவள் சாய்வு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து வளையமும் சொம்பும் போல ஏதேதோ வரைந்துகொண்டிருப்பாள். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா, கணக்குன்னா விடை வரணும். உனக்கு என்னைக்காவது விடை வந்திருக்கா?"

"நாங்க விடை என்னன்னு கேக்கறதில்ல மாமா. விடைன்னு ஒண்ணு இருக்க எடம் இருக்கா, அந்த எடம் என்ன வடிவம்னு பாப்போம்."

"வீடு கட்டாம மனையையே பாத்துக்கிட்டிருக்கற உத்தியோகம்" என்று மகனிடம் சொன்னார். அத்தோடு அந்தப் படிப்பைப் பற்றி அவர் கேட்பதை விட்டார். நம்பவும் இல்லை.

இப்போது அவள் அப்பாவின் தலையை அண்ணாத்திப் பிடித்து மருந்தை விட்டாள். மூடிய கண்ணோடு அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக "மெதுவா, மெதுவா, என்ன பசையா ஊத்தறே" என்று ஏதாவது சொல்பவர், வாயைத் திறக்கவில்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"மாமா, என்ன நடந்துச்சு?"

குண்டுநூல் ஒளிக்கிறவர் இல்லை. கொடி சேரவில்லை, தன் பக்கம் சரி, அதனால் உன் அப்பா பக்கம் தப்பு, கண் போதவில்லை, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ உங்கப்பன் பக்கம்தான் பேசுவே. பேசு" என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். துணி தொங்கிய இடத்தை அல்ல; பெரிய வாசலுக்கு மேலே, ஆரம்பித்த தாளை. கொடி ஏறிப் போவதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினாள். திரும்பத் திரும்ப அவள் முகத்தில் ஏதோ விளக்கு ஏற்றின மாதிரி ஆனது. அப்பாவை வேலையைவிட்டு நிறுத்தியிருக்கிறான் ஒருத்தன், இவளுக்கு என்ன சந்தோஷம் என்று குண்டுநூலுக்குக் கோபம் வந்தது.

"மாமா, தாள் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. எதுக்கு?"

"அந்தத் துணியை எடுக்காதீங்க. எவ்வளவு சேரலைன்னு நான் பாக்காமயே சொல்றேன்."

குண்டுநூல் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். "போன்ல சொல்லிட்டீங்களா?"

"என் போனு உங்க சட்டைப்பையில இருக்கு" என்றார் சம்பந்தி, கண்ணைத் திறக்காமல்.

தடவிப் பார்த்தார். இருந்தது. விளக்குகூட அணைக்கப்படாமல் சட்டைக்குள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"நான் முன்னாடியே அளந்து பாத்துட்டேன்னு நீங்க சந்தேகப்படலாம்ல? அப்பாகிட்ட கேட்டுட்டேன்னும் சந்தேகப்படலாம். அவர் வாயைத் தொறக்காம இருக்கட்டும். நீங்க அவர் பக்கத்துலயே நில்லுங்க" என்றாள் அவள்.

சொன்னபடியே போய் நின்றார், காவல்காரன் மாதிரி. நம்புவதாவது.

மிச்சமிருந்த தாளை அவள் தரையில் விரித்தாள். குண்டுநூல் காதில் சொருகியிருந்த பென்சிலைக் கேட்காமலே எடுத்தாள். தாளின் இடது ஓரத்தில் கொடி நுழையும் இடத்தையும் வலது ஓரத்தில் வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் உயரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று டேப்பால் அளந்தாள். ஒருமுறை அளந்து எழுதியதை நம்பாமல் மேலே உள்ள கொடிகளிலும் அளந்தாள். அது அவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு கொடிக்கும் கொடிக்கும் இடையே உள்ள முழத்தை அளந்தாள். பிறகு எழுந்து, சுவரை ஒட்டி நடந்து, தாள்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு சுற்றி வந்தாள். துணிக்குக் கிட்டே வந்தபோது முகத்தை வேண்டுமென்றே மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி எண்ணிக்கொண்டு கடந்தாள்.

இணைப்பு ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. அப்பா எப்படி ஒட்டினார், இவர் எப்படி ஒட்டினார், கண் எப்படி, கை எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. அறுத்துப் போட்ட தாள் துண்டின் பின்பக்கத்தில் ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். மீதி வந்ததை டேப்பில் பார்த்து, மூட்டை கட்டிவந்த சணல் நூலில் அந்த அளவுக்கு வெட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க கொடி மேல நிக்கும். அதுக்குக் கீழ இந்த நூல் அளவு தள்ளி அப்பாவோட கொடி இருக்கும்."

குண்டுநூல் சாரத்தில் ஏறினார். துணிக்குள்ளே தலையைவிட்டு நுழைந்தார், அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் போல. கொஞ்ச நேரம் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு படி கீழே இறங்கி, அங்கே உள்ள கொடியில் வைத்துப் பார்த்தார். மறுபடி ஏறி எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கொடியில் பார்த்தார். நூலை இழுத்துப் பிடித்தார், தளர்த்திப் பிடித்தார். எங்கே வைத்தாலும் அது இவர் கொடி முனையில் ஆரம்பித்து சம்பந்தியின் கொடி முனையில் முடிந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வெளியே வந்தவர் துணியை உருவிக் கீழே போட்டார். போட்டுவிட்டுச் சாரத்தின் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிம்மா?"

சம்பந்தி இப்போது கண்ணைத் திறந்திருந்தார். ஒரு கண் சிவப்பாக, தண்ணீர் வடிய. "நானும் கேக்கணும். எப்படி?"

அவள் தரையில் கிடந்த தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குண்டுநூல் அவளைப் பலமுறை பேசக் கேட்டிருக்கிறார். இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அவசரமில்லாமல், தனக்குச் சொந்தமான வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் போல.

"மாமா, நீங்க ஒட்டும்போது கொடி எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல. பக்கத்துக் கொடியோட சேரணும். அவ்வளவுதான்."

"அப்போ உயரத்தைப் பத்திப் பேச்சில்ல. சாய்வைப் பத்தி மட்டும்தான் பேச்சு. வலப்பக்கம் ஒரு அடி போனா இவ்வளவு ஏறு. இது சுவர்ல எந்தப் புள்ளிக்கும் பொதுச் சட்டம். சுவர்ல ரெண்டு திசையில போகலாம், சுத்தியும் போகலாம், மேலயும் போகலாம். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியா ஒரு சாய்வு. அதான் 'பகுதி'. நீங்க கல்யாணத்துல கேட்டீங்களே."

குண்டுநூல் கனைத்துக்கொண்டார்.

"இப்போ இந்தச் சுவரை மறந்துட்டு, பெரிய அறை ஒண்ணை நெனச்சுக்குங்க. அதுல ஒரு புள்ளியைத் தொட்டா மூணு சேதி தெரியும்: சுவர்ல எந்த எடம், கொடி என்ன உயரம், என்ன சாய்வு. சட்டத்துக்கு ஒத்துவர்ற புள்ளியெல்லாம் சேர்ந்து அந்த அறைக்குள்ள ஒரு வடிவமா நிக்கும். நான் சமன்பாடுன்னு சொல்றது அந்த வடிவத்தைத்தான். அதுல எண்ணே எழுத வேணாம். அந்த வடிவத்தை ஒட்டிக் கிழியாம, மடியாம ஒரு தாள் படுத்துச்சுன்னா அது விடை."

"படுக்குதா?"

"கொஞ்ச எடத்துல எப்பவும் படுக்கும். ரெண்டு தாள், பத்து தாள், அரைச் சுவர். அங்க எங்க பாத்தாலும் தப்பே இருக்காது. நீங்க விளக்குப் போட்டுப் பாத்தீங்களே, கெடைக்கலை இல்ல? கெடைக்காது. ஏன்னா இல்லை."

சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். மருந்தாலா வேறு எதனாலா தெரியவில்லை.

"ஆனா சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துக்கே வரும்போது, எடம் பழசு, உயரம் புதுசு. சுழல் படிக்கட்டு ஏறியிருக்கீங்கல்ல? ஒவ்வொரு படியும் ஒழுங்கா இருக்கும். ஒரு சுத்து சுத்தி வந்தா அதே எடத்துக்கு மேல நிப்பீங்க. படி கட்டினவன் தப்பு பண்ணிட்டான்னு யாராவது சொல்வாங்களா? இந்தக் கொடி சுழல் படி ஏறுது மாமா. ஒரு சுத்துல முழு முழமா ஏறியிருந்தா மேல இருக்கற கொடியோட சேர்ந்திருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. மிச்சம் விழுந்துடுச்சு. அந்த மிச்சம்தான் உங்க கையில இருக்கற நூல்."

குண்டுநூல் நூலைப் பார்த்தார்.

"நான் மட்டும் தனியா முழுசும் ஒட்டியிருந்தா?"

"இதே நூல்தான்."

"வேற எடத்துல ஆரம்பிச்சிருந்தா?"

"இதே நூல்தான். கொடி வேற எடத்துல சேராம போயிருக்கும். எடத்தை மாத்தலாம், அளவை மாத்த முடியாது. அது தாள் ஒட்டினவங்களோடது இல்ல. அறையோடது. தாள் அச்சடிச்சவங்க அகலம் முழுசா சேருதான்னு மட்டும் பாத்திருக்காங்க. ஏத்தத்தைக் கூட்டிப் பாக்க அவங்களுக்கும் தோணலை."

கூரைக் கண்ணாடியில் ஒரு புறா நடந்து போகும் சத்தம் கேட்டது. குண்டுநூல் சுவரைச் சுற்றிலும் பார்த்தார். வாழ்நாள் பூராவும் சுவரைத் தொட்டவர், சுவருக்கு இப்படி ஒரு குணம் இருப்பது தெரியாமலே தொட்டிருக்கிறார். எத்தனை மூலைகளைத் திட்டியிருப்பார்! இந்தப் பெண் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பசையைத் தொடாமல், ஏணியில் ஏறாமல், எல்லா அறைகளுக்கும் சேர்த்து ஒரேயடியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். விடையே வராத படிப்பு என்றாரே. சேராது என்பதையும், ஏன் சேராது என்பதையும், எவ்வளவு சேராது என்பதையும் நூலில் வெட்டிக் கையில் கொடுக்கிறாள். இதற்கு மேல் விடை என்று எதைத்தான் கேட்பது?

அவர் கை பெரிய வாசலைக் காட்டியது. கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. "அந்த வாசல் கூரை வரைக்கும் போயிருந்தா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "போயிருந்தா சுவர் சுத்தி வராது. ஒரு கரையில ஆரம்பிச்சு மறு கரையில முடிஞ்சிடும். சண்டையே வந்திருக்காது."

"அதே சட்டம், அதே தாள்."

"அதே சட்டம், அதே தாள். அறையோட வடிவம் மட்டும் வேற."

"ம்ம்."

அந்த "ம்ம்" அவரிடமிருந்து வருவது லேசில்லை. அவர் மனைவி சமைத்ததற்கு இதுவரை அது கிடைத்ததில்லை.

மருமகள் சொன்னாள்: "விடை இல்லவே இல்லைன்னும் இல்ல மாமா. இந்தச் சுவர்ல இல்ல. மேல மேல சுத்திப் போய்க்கிட்டே இருக்கற சுவர் ஒண்ணு இருந்தா, முடிவே இல்லாத படிக்கட்டு மாதிரி, அதுல கொடி ஒரு எடத்துலயும் விடாம ஏறிக்கிட்டே போகும். நான் வரையறது அதைத்தான்."

"அந்தச் சுவருக்கும் எங்களையே கூப்பிடு. எனக்குக் கண்ணு சரியாயிடும் அதுக்குள்ள" என்றார் சம்பந்தி.

அதைக் கேட்டு மகள்தான் சிரித்தாள். குண்டுநூலால் சிரிக்க முடியவில்லை. காலையில் சொன்னது கூடத்தின் நடுவே ஏணி மாதிரி நின்றுகொண்டிருந்தது. எடுத்து வைக்க வேண்டியவர் அவர்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. அவர் எழுந்தார். சாரத்தில் நின்று, தான் ஒட்டிய கடைசித் தாளின் மேல் நுனியை நகத்தால் கிளப்பினார். பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. ஒரே இழுப்பில் கூரையிலிருந்து தரை வரைக்கும் உரித்துச் சுருட்டி மூலையில், அதாவது மூலை இல்லாததால் வாளியின் பக்கத்தில், போட்டார்.

"என்ன பண்றீங்க?" என்று சம்பந்தி பதறி எழுந்தார். "நல்லா இருந்த தாளு!"

குண்டுநூல் தரையில் மருமகள் விரித்து வைத்த மிச்சத் தாளை எடுத்துப் பசை தடவினார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். இந்த முறை தன் பக்கத்துக் கொடியை அவர் பார்க்கவே இல்லை. சம்பந்தியின் தாளோடு கொடியைச் சேர்த்தார். சேர்த்துப் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, குமிழி இல்லாமல் படுக்க வைத்தார். மேலும் கீழும் கூடுதலை அறுத்தார்.

இறங்கித் தள்ளி நின்று பார்த்தபோது, சம்பந்தியின் பக்கம் வாசலுக்கு மேலிருந்து இந்தத் தாள் வரைக்கும் கொடி ஒரு பிசகுமில்லாமல் ஓடியது. சேராத இடம் ஒரு தாள் தள்ளி வந்திருந்தது. இப்போது அதன் இரண்டு கரையும் குண்டுநூல் ஒட்டிய தாள்கள். சணல் நூலை எடுத்து வைத்துப் பார்த்தார். அவள் சொன்னது போலவே, இடம்தான் மாறியிருந்தது. அளவு அதேதான்.

மருமகள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சம்பந்திக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, மருந்து விட்ட கண்ணையும் விடாத கண்ணையும் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார்.

புத்தக அலமாரிக்கு அறுத்ததில் மிஞ்சிய மரச்சட்டம் ஒன்று வெளியே கிடந்தது. சுவரின் முழு உயரத்துக்கும் போதுமானது. அதைச் சேராத இடத்தின் மேல் கூரையிலிருந்து தரை வரைக்கும் நிறுத்தினால், சுவர் சுற்றி வருவது அங்கே அறுபடும். பார்க்கிறவனுக்கு ஒரு தூண். குண்டுநூல் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"டேய், கண்ணைத் துடைச்சது போதும். அந்தப் பக்கம் புடி."

சம்பந்தி எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். "புடிக்கறேன். என் கண்ணு மட்டம் பாக்காது, நீ பாத்துக்க."

"என் கண்ணும் பாக்காதுன்னுதான் இப்போ நிரூபிச்சுக் குடுத்திருக்கா உன் பொண்ணு."

"உன் மருமக."

"சரி, தூக்கு."

மாலையில் நூலகர் அம்மா வந்தார். கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு மரச்சட்டத்தைக் கவனித்து, இது வரைபடத்தில் இல்லையே, இந்தப் பக்கம் ஏதாவது தப்பாகிவிட்டதா, யார் ஒட்டிய பக்கம் இது என்று கேட்டார்.

"என் பக்கம்" என்றார் குண்டுநூல். "தப்பு இல்லைங்க. சுவர் வட்டம், கொடி ஏறுது, அதனால எங்கயாவது ஒரு எடத்துல அறுத்தாகணும். எவ்வளவுன்னு கணக்கு இருக்கு." சட்டைப்பையிலிருந்து சணல் நூலை எடுத்துக் காட்டினார். "என் மருமக போட்டது. அவ இதைத்தான் படிக்கறா. பகுதி வகை..." மீதி வரவில்லை. திரும்பிப் பார்த்தார்.

ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற சம்பந்தி எடுத்துக் கொடுத்தார். "கெழுச் சமன்பாடு."

"அதேதான்" என்றார் குண்டுநூல். நூலைச் சுருட்டி ரசமட்டம் வைக்கும் பெட்டியில், அதன் பக்கத்திலேயே வைத்து மூடினார்.